காது பிய்யாத வாளி

சௌதாவுக்கு வாய் நீளம் என்று ராஜபாளையத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அவளோடு இன்னும் பேசவில்லை, அவ்வளவுதான். தீப்பெட்டி ஆபீஸில் மருந்து நெடி ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்தவள், எண்பத்தாறில் மதார் சாகிப்பின் பிளாஸ்டிக் பட்டறையில் சேர்ந்தாள். உடைந்த குடம், சீப்பு, பேனா எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். அவற்றை நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. அதை அரைத்து உருக்கி, மிஷின் அச்சுக்குள் அழுத்தினால் வாளி. உட்கார்ந்த வேலை, பேச ஐந்து பெண்கள். வேறென்ன வேண்டும் ஒரு மனுஷிக்கு!

அதிலும் மண் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரர் ஐயாதுரை, வாங்கிப்போன சிவப்பு வாளிகளை வண்டியோடு திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்.

“தண்ணி மொண்டு தூக்குனா காது கையோட வருது சாகிபு! இன்னொரு தடவ இப்படின்னா நான் வேற எடம் பாத்துக்கிடுதேன்.”

அவர் ஒருவரை நம்பித்தான் பட்டறையே ஓடியது. “அடுத்த லோடும் திரும்புச்சுன்னா பட்டறைய மூடிற வேண்டியதுதான்” என்று மதார் சாகிப் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சௌதா பிரித்துக்கொண்டிருந்த மூட்டையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மறுபடியும் அந்தத் தீப்பெட்டி மருந்தா? செத்தாலும் முடியாது.

வாளியில் கைப்பிடி மாட்டும் அந்தக் காதுகளில் பிய்ந்த ஒன்றை எடுத்து நகத்தால் நெம்பினாள். வெங்காயம் மாதிரி ஏடு ஏடாக உரிந்தது. மூட்டையிலிருந்து சிவப்புக் குடத்துத் துண்டை எடுத்து வளைத்தாள், வளைந்தது. சிவப்புச் சீப்பை வளைத்தாள்; சடக்கென்று ஒடிந்தது. இரண்டையும் கொளுத்தினாள். குடம் மெழுகாகச் சொட்டியது. சீப்பு கரும்புகை கக்கியது.

“மொதலாளி, ரெண்டும் வேற வேற வகையறா. செவப்பா இருக்குன்னு சேத்துப் போட்டா ஒட்டுமா? குடத்தக் குடத்தோட போடுவோம். நெறம் எக்கேடும் கெட்டுப் போவட்டும்.”

எல்லா நிறக் குடங்களும் சேர்ந்து உருகியதில் சேற்று நிறம் வந்தது. பார்க்கச் சகிக்காமல் கருப்புப் பொடியைக் கலந்தார்கள்.

“கருப்பு வாளிய நல்ல நாளும் பொழுதுமா எவன் வீட்டுக்குள்ள விடுவான்?” என்று ஐயாதுரை முகத்தைச் சுளித்தார்.

“வீட்டுக்குள்ள ஏன் விடுதிய அண்ணாச்சி? தொழுவத்துல வைங்க. மாடு நெறமா பாக்கப் போவுது?” என்று சொல்லி, சௌதா ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறியே நின்றுவிட்டாள். முனகிக்கொண்டே பத்து வாளி எடுத்துப் போனார் அவர்.

பத்தாம் நாள் திரும்பி வந்தார், கையில் ஒரே ஒரு கருப்பு வாளியோடு. இதுவும் பிய்ந்துவிட்டதா என்று சௌதா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“எங்க எருமை இதுக்குள்ள கால விட்டுட்டு, கழத்தத் தெரியாம செவுத்துல எம்புட்டு அடி அடிச்சிச்சு தெரியுமா? அதுக்குக் காலு வீங்கிப் போச்சு. வாளியப் பாருங்க.”

பார்த்தார்கள். நாலு கீறல். இரண்டு காதும் கல் மாதிரி இருந்தன.

“இதே மாதிரி இருநூறு வாளி போடுங்க சாகிபு.”

மதார் சாகிப் மூச்சுவிட்டார். “சௌதா, இனிமே நீ வளைச்சுப் பாத்த பொறவுதான் எதுவும் மிஷினுக்குள்ள போவணும்” என்றார்.

பட்டறை பிழைத்தது. சௌதாவுக்குச் சந்தோஷம் தாங்காமல் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்த எருமைக்கு நல்லா மஞ்சப் பத்துப் போடுங்க அண்ணாச்சி, மவராசியா இருக்கட்டும்” என்றாள்.