ஓமானில் கரப்பந்தாடப் போன இடத்தில்

வியாழக்கிழமை விடிய மஸ்கட்டில் இறங்கினோம். யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து ஒன்பது பேர், எல்லோரும் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். அங்கே வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒழுங்கு செய்த கரப்பந்தாட்டப் போட்டி. கோப்பை எனக்குப் பாதிக் காரணம்தான். என் தங்கை சுகந்தி மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. மூன்று வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. நாங்கள் பார்த்த சாதகம் ஒவ்வொன்றையும் வேண்டாம் என்றாள். அப்பா இல்லாத வீடு. நேரில் கதைத்து முடிவு கேட்டு வா என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

வெள்ளி பின்னேரம் இரண்டு ஆட்டம். முதலாவதை வென்றோம். இரண்டாவதில் கேரளத்துக்காரர் எங்களை எழும்ப விடவில்லை. நான் களைத்துப்போய் நிலத்தில் குந்தியிருக்க, சுகந்தி ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“இவர் அன்ரன். எங்கடை ஆஸ்பத்திரியிலை ஏசி திருத்துறவர். நாளைக்கு எங்களைக் காரிலை இடம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார்.”

“எவ்விடம் நீர்?” என்றேன்.

“குருநகர், அண்ணை.” யாழ்ப்பாணக் கரையோரத்தில் கத்தோலிக்க மீனவர் வாழும் ஊர்.

அவன் பாதி குடித்து வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை சுகந்தி வாங்கி மீதியைக் குடித்தாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சனி காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். சூர் போகும் நெடுஞ்சாலை. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஒரு புல்லும் இல்லாத மலை. நூற்றிருபது கிலோமீற்றரளவு ஓடியபின் பிம்மா என்ற ஊருக்கருகில் அன்ரன் காரை நிறுத்தினான். தரை திடீரென்று இடிந்து விழுந்தது போல் ஒரு பெரும் பள்ளம், அடியில் பச்சை நீலத் தண்ணீர். படியால் இறங்கிக் காலை வைத்தால் சின்ன மீன்கள் வந்து கொறிக்கின்றன. வானத்திலிருந்து நட்சத்திரம் விழுந்த குழி என்று அங்குள்ளவர்கள் சொல்வார்களாம். எங்கள் புத்தூர் நிலாவரைக் கிணற்றுக்கு இராமர் அம்பு விட்ட கதை இருப்பது போலத்தான். இங்கேயும் நன்னீரும் கடல்நீரும் கலக்கின்றனவாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

இன்னும் இருபது கிலோமீற்றரில் வாதி ஷாப். இரண்டு மலைகளுக்கு நடுவே ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு. தோணியில் அக்கரை போய்வர ஆளுக்கு ஒரு றியால். பிறகு பேரீச்ச மரங்களுக்குள்ளும் கல்லுகளின் மேலும் ஒரு மணி நேர நடை. நடை முடிகிற இடத்தில் தண்ணீர் தொடங்குகிறது. அதற்கப்பால் நீந்தித்தான் போகலாம். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது, கீரிமலைக் கேணியில்கூடப் படியைப் பிடித்துக்கொண்டு முழுகுகிறவர்கள் நாங்கள்.

சுகந்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். கையை நீட்டி அடித்து, வளைவைத் தாண்டி மறைந்தே போனாள். நான் பதறி எழும்பினேன்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை. நல்லா நீந்துவா. ரெண்டு வருசமாப் பழகினவ,” என்றான் அன்ரன். கொஞ்சம் பொறுத்து, “நான் உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும்,” என்றான்.

“அவள் வரட்டும்.”

வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் வழிய எனக்கு முன்னால் நின்றே சொன்னாள்: “அண்ணை, நான் கேக்கேல்லை, சொல்லுறன். இவரைத்தான் கட்டப்போறன். நீங்கள் கோவிச்சாலும் கட்டுவன். கோவிக்காட்டி நல்லா இருக்கும்.”

கோபம் வந்தது. சாதகக் கட்டோடு சாத்திரியார் வீடுகளுக்கு அலைந்தவன் நான். ஆனால் அந்த வளைவுக்கு அப்பால் தனியே போய்த் திரும்பியவளிடம் எதைச் சொல்வது? அவள் கொண்டுவந்த இடியப்பத்தையும் சம்பலையும் மூவரும் சாப்பிட்டோம். கடைசியில் அன்ரனிடம் கேட்டேன்.

“கோயில் விசயம் என்ன மாதிரி?”

“அவ தேவாரம் படிக்கட்டும், நான் செபம் சொல்லுறன். ரெண்டு சாமிப்படத்தையும் கொழுவ வீட்டிலை நாலு சுவர் இருக்குதானே அண்ணை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பும் வழி முழுவதும் நான் முன் சீற்றில் இருந்து அவனோடு கதைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை மத்ரா கடற்கரைச் சந்தை. கூரை போட்ட ஒடுங்கிய சந்துகள், எங்கும் சாம்பிராணிப் புகை. அம்மாவுக்கு ஒரு பை சாம்பிராணி வாங்கினேன், இரண்டு றியால். சந்துக்கு வெளியே வந்து, துறைமுகத்தைப் பார்த்தபடி வீடியோவில் அம்மாவை அழைத்துச் சொன்னேன். ஊரைச் சொன்னேன், வேதக்காரப் பெடியன் என்பதையும் சொன்னேன். அம்மாவின் முகம் திரையிலிருந்து விலகிப் போய், வீட்டுக் கூரைதான் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தொடர்பு அறுந்தது. மறுபடி அழைக்க எடுக்கவில்லை. சுகந்தி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

திங்கள் விமான நிலையத்துக்கு சுகந்தியும் அன்ரனும்தான் என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். பெட்டியை இறக்கும்போது அம்மாவின் அழைப்பு. ஒலிபெருக்கியில் போட்டேன்.

“பெடியன் பக்கத்திலை நிக்கிறானே?”

“ஓம் அம்மா, நிக்கிறார்.”

“வெள்ளிக்கிழமையிலை வீட்டிலை மீன் காய்ச்சக் கூடாது எண்டு சொல்லு.”

“ஓம் மாமி,” என்றான் அன்ரன், என்னை முந்திக்கொண்டு. சுகந்தி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

விமானம் எழும்பியபின் யோசித்துப் பார்த்தேன். மஸ்கட்டுக்கு வர ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்தேன். உரும்பிராயிலிருந்து குருநகர் பத்துக் கிலோமீற்றர்கூட வராது, அங்கே ஒரு வீட்டுப் படலையையும் நான் இதுவரை திறந்ததில்லை. அடுத்த ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு அன்ரன் வீட்டுக்குப் போகவேண்டும்.