அடுப்படிச் சுவரில் ஒரு சுவிட்ச்

மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்ததும், சக்கர நாற்காலியோடே போய்க் குளிக்கும்படி குளியலறையை இடித்துக் கட்டினார்கள். மருமகள் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். வாசற்படி கிடையாது. வழுக்காத டைல்ஸ், தண்ணீரெல்லாம் மூலைக்கு ஓடும் வாட்டம், பிடித்துக்கொள்ளக் கம்பி. "பெத்த மககூட இப்படிச் செய்யமாட்டா" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

மருமகளுக்கோ, கல்யாணமாகி வந்த புதிதில், தலை நிறைய நுரையோடு நிற்கும்போது வெளியிலிருந்து கீசரை அணைத்துவிட்டு, "கரண்ட் என்ன உங்கப்பன் வீட்லேர்ந்தா வருது?" என்று இதே மாமியார் கத்தியது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. அதுவும் ஒரு நாளா, இரண்டு நாளா!

எலக்ட்ரீஷியன் வந்தார். "ரூம் முழுக்க நனையும். கீசர் சுவிட்சை வெளியதாம்மா வைக்கணும். எங்க வைக்கட்டும்?"

"அடுப்படிச் சுவர்ல வைங்கண்ணே. என் கைக்கு எட்டுற மாதிரி."

ஹாலில் உட்கார்ந்திருந்த மாமியாருக்கு முகம் வெளுத்துப் போனது. "கதவுக்குப் பக்கத்துலயே வைக்கலாமேம்மா?" மருமகளை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை.

"கவலைப்படாதீங்க அத்தை," என்றாள் மருமகள் இனிக்க இனிக்க. "எப்ப அணைக்கணும்னு உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்."