கவிதை அம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டைகளுக்கு எடை போடுவது என் வேலை. அது போக, கவிதை எழுதுவேன். போன வருஷம் ஐப்பசி மழையோடு கவிதை நின்றுவிட்டது. மாசிவரை ஒரு வரி வரவில்லை.

அப்போதுதான் போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன் இத்தாலிக்கார ஓவியர் ஒருவர் பேனா மையால் வரைந்த பெண். கையில் யாழ், பார்வை வானத்தில். கவிதையைக் கவிஞன் எழுதுவதில்லை, இப்படி ஒன்பது தேவதைகள் இருக்கிறார்கள், அவர்கள்தான் காதில் ஓதுகிறார்கள் என்று அங்கே நம்பினார்களாம். ஒருத்தியையாவது மேசைக்கு மேல் ஒட்டிவைப்போம் என்று பிளெக்ஸ் கடைக்குப் படத்தை அனுப்பினேன்.

கடைக்காரர் போன் செய்தார். "சார், பேரு இன்னா போடட்டும்?"

"பேரெல்லாம் வேணாம். எனக்குக் கவிதை குடுக்கிற அம்மா, அவ்ளோதான்."

சாயங்காலம் வந்தால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். கரன்ட் கம்பத்தில் ஆள் உயரத்துக்கு அவள். கறுப்பு வெள்ளைப் படம், மேலே பார்க்கும் கண்கள். கடைக்காரர் தானாகவே முடிவு செய்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்றும் கீழே 'கவிதை அம்மாள்' என்றும் போட்டு, கட்டியும் விட்டுப் போயிருந்தார்.

உள்ளே பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு நடுவே என் மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னைத் தனியே இழுத்துப் போய், "யாருங்க செத்துப்போனது? எனக்கே தெரியாதுன்னு வந்தவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள்.

வெளியே சிங்கவரத்துப் பெரியவர், கமிட்டிக்கு நெல் கொண்டுவருபவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனுக்கு இன்னா முறை ஆவுது?"

"முறையெல்லாம் இல்லீங்க. இவங்க காதுல சொல்லுவாங்க, நான் எழுதுவேன்."

"எப்பலேந்து பேச்சு நின்னுபோச்சி?"

"ஐப்பசியிலேந்து."

"பாவம், அத்தினி நாளா இழுத்துக்கினு கெடந்துக்குது" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று எதிர்வீட்டுச் சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் இட்லி கொடுத்தனுப்பியது. சாப்பிட்டேன். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல முகம் இல்லை.

"நீதான் எழுதுவியே, அந்தம்மாவுக்கு ரெண்டு வார்த்த சொல்லேன்" என்றார் பெரியவர். எழுந்து நின்றேன். வாய் தானாகப் பேசியது:

"நீ எனக்கு யாருமில்லை என்று
சொல்லத்தான் வந்தேன்.
அதற்குள் தெரு அழுதுவிட்டது.
இனி எப்படி மறுப்பேன்?"

உள்ளே என் மனைவி ஓவென்று அழ ஆரம்பித்தாள். யாருக்காக என்று இன்றுவரை அவளுக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது பெரியவர், காரியம் என்றைக்கு என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவியே, "வர்ற ஞாயித்துக்கெழம. கண்டிப்பா வந்துருங்க" என்றாள்.

வடை, பாயசத்தோடு சாப்பாடு போட்டோம். வந்தவர்கள் எல்லாரும் அந்தம்மாவைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள்.