மேனேஜர் என்றால் வராதவர்

மேலூர் பக்கத்துக் கிரானைட் குவாரி ஒன்றில் நான் போர்மேனாக இருந்த வருஷங்களில், அந்தக் குவாரியின் மேனேஜரை ஒரு நாள்கூட அங்கே பார்த்ததில்லை. வாசலில் நீலப் பலகை இருந்தது. அதில் வெள்ளை எழுத்தில் அவர் பெயரும், அதன் கீழே அவர் வாங்கிய சான்றிதழின் வகுப்பும் துப்புரவாக எழுதியிருக்கும். ஆள்தான் கிடையாது. பரீட்சை எழுதித் தேறிய மேனேஜர் ஒருவர் தினமும் வந்து பார்த்தால்தான் குவாரி நடக்கலாம் என்பது சட்டம். எங்கள் முதலாளி அந்தச் சட்டத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். தேறியவர் இருந்தார். வந்து பார்ப்பதுதான் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். சுரங்கவியலில் டிப்ளமா முடித்து, கல்யாணம் பண்ணி, விளாங்குடியில் வாடகைக்குக் குடியிருந்தேன். காலையில் குவாரி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டளவு கல்லை ஒரு கீறல் இல்லாமல் பிளந்து கிரேனில் தூக்குவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு துள்ளும்.

என் நிம்மதியைக் கெடுத்தது மேற்குப் பக்கத்துப் பாறை. அங்கே அடியில்தான் நல்ல கல் இருந்தது. மேலே இருந்தது வெடிப்பு விழுந்த உதவாக்கரைக் கல். முறையாக மேலிருந்து படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும். ஆனால் விலை போகாத கல்லை வெட்ட முதலாளிக்கு என்ன தலையெழுத்தா? அடியில் மட்டும் குடைந்து குடைந்து எடுத்தார்கள். கடைசியில் மேல் பாறை மொத்தமும் கூரைபோல முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. மழை பெய்தால் அதன் வெடிப்பில் தண்ணீர் கசியும்.

அந்த மொட்டைப் பள்ளத்தில் நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான். மதியம் சங்கு ஊதியதும் எல்லாரும் தூக்குச்சட்டியோடு நேராக அதன் அடியில் போய் உட்காருவார்கள். வேலை நேரத்திலாவது தலையில் பாதுகாப்புத் தொப்பி இருக்கும். சோறு தின்னும்போது அதையும் கழற்றிவிட்டு, குண்டிக்கு ஆசனமாக்கிக்கொள்வார்கள். நான் கத்துவேன்.

“போர்மேன் சாரு, இம்புட்டு வெயில்ல எங்கன போயி உக்காரச் சொல்றீக? உங்க தலைல உக்காரவா?” என்பாள் ஓர் அக்கா. சல்லி அள்ளும் பெண்களில் அவள்தான் வாய்க்காரி. எல்லாரும் சிரிப்பார்கள். நான் வெயிலில் நின்றபடியே சாப்பிடுவேன். “சாரு கருவாடு காயுது” என்று அதற்கும் ஒரு கிண்டல்.

முதலாளியிடம் போனேன். ஒரு கீற்றுக் கொட்டகை போடலாம், மேல் பாறையை இடித்து இறக்கலாம் என்றேன். அவர் தவறியும் கோபப்படுகிறவர் இல்லை. பல்லிடுக்கில் குச்சியை விட்டபடி, “தம்பி, நீங்க போர்மேன். அதெல்லாம் மேனேஜர் சொல்லணும். மேனேஜர் சொல்லட்டும், நாளைக்கே நிப்பாட்டிருவோம்” என்றார்.

சரி, மேனேஜரையே பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விலாசம் விசாரித்துக்கொண்டு போனேன். மதுரைக்குள்ளேயேதான் இருந்தார். ஓய்வு பெற்றவர். பனியனும் வேட்டியுமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குவாரியின் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது எது தம்பி? கறுப்புக் கல்லா, செவப்புக் கல்லா?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அவர் கெட்டவர் இல்லை. காபி கொடுத்தார். பாறையைப் பற்றி நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். “நீங்க சொல்றது வாஸ்தவம். ஆனா நான் நிறுத்துன்னு எழுதுனேன்னு வைங்க, மறுநாளே என் போர்டைக் கழட்டிட்டு வேற ஆள் பேரை மாட்டிருவாக. பாறை அப்படியேதான் நிக்கும்” என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, “உங்களுக்கு அம்புட்டு அக்கறை இருந்தா நீங்களே பரீட்சை எழுதுங்களேன்” என்றார். சும்மாதான் சொன்னார். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். என் பெயர் அந்தப் பலகையில் ஏறினால் என் பேச்சை யார் தட்ட முடியும் என்று நம்பினேன். மடையன்!

படிப்பு என்றால் லேசான படிப்பு இல்லை. எல்லாம் ஆங்கிலம். புத்தகத்தைத் திறந்தால் பூமிக்கடியில் ஆயிரம் அடி இறங்கும் குழி, அதற்குக் காற்று ஊதும் விசிறி, கூரையைத் தாங்கும் மரக்கட்டை. நாங்கள் வேலை பார்த்தது வானத்துக்குக் கீழே. காற்றுக்கு என்ன பஞ்சம் எங்களுக்கு? கிரானைட்டைப் பற்றி ஏதாவது வருமா என்று தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம். முதலுதவிச் சான்றிதழ் வேறு தனியாக வாங்க வேண்டும். அதற்காக மனைவியின் தலையில் கட்டுப் போட்டுப் பழகினேன். அந்தக் கட்டோடு அவள் பால் வாங்க வாசலுக்குப் போய்விட்டாள். அப்புறம் கொஞ்ச நாள் எங்கள் தெருவில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“சொல்லிடவா, நீங்க அடிக்கல, படிக்கிறீங்கன்னு?” என்று கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் தடவை எழுத்துத் தேர்வில் தப்பித்து, வாய்மொழித் தேர்வில் மண்ணைக் கவ்வினேன். ரயிலேறி வெளிமாநிலம் போய், கோட்டு போட்ட மூன்று பேர் முன்னால் உட்கார்ந்தேன். சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டின் கயிற்றை எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டார்கள். என் ஜென்மத்தில் நான் பார்த்தது எங்கள் கிரேனின் இரும்புக் கயிறுதான். அதைப் பற்றி நீட்டி முழக்கினேன். நடுவில் இருந்தவர், நாங்கள் அதைக் கேட்கவில்லையே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடிந்தது கதை. திரும்பி வரும் வழியெல்லாம் அவரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த தடவை அதே மாதிரி அறை, வேறு மூன்று பேர். தலைக்கு மேல் பாறை தொங்குகிறது, அடியில் ஆட்கள் இருக்கிறார்கள், என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்டார். அவர் வாயை மூடுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். ஆட்களை உடனே வெளியேற்றுவேன், வேலி போடுவேன், மேலிருந்து இடித்து இறக்குவேன், அதுவரை ஒரு ஈ காக்காகூட அந்தப் பக்கம் போகக்கூடாது. என் ஆங்கிலம் நொண்டியடித்தது. ஆனால் அவர்கள் மூவரும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்!

சான்றிதழ் தபாலில் வந்த அன்று மனைவி பரவை மார்க்கெட் பக்கம் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்து, சாமி படத்துக்குப் போட்டது போக மீதியைச் சான்றிதழின் மேல் வைத்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவருக்கு வாயெல்லாம் பல். எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். அதுவரை “தம்பி” என்றவர் அந்த நிமிஷத்திலிருந்து “சார்” என்றார். மறுநாளே பலகையில் என் பெயர் ஏறியது. மாலை போட்டார்கள், மேள தாளம்தான் பாக்கி.

அதற்கடுத்த நாள் வேன் வரவில்லை. பஞ்சராகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போன் போட்டேன். முதலாளியே எடுத்தார்.

“சார், இனிமே நீங்க எதுக்கு வெயில்ல காயணும்? அதான் பாஸ் பண்ணிட்டீங்களே! வீட்ல ரெஸ்ட் எடுங்க. மாசம் ஒருக்கா ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டாப் போதும். போர்மேன் வேலைக்கு என் மச்சானை அனுப்பிட்டேன்” என்றார். எனக்குப் பெரிய உபகாரம் பண்ணுகிற குரலில்தான் சொன்னார். அதிகாரம் வேண்டும் என்று ராப்பகலாகப் படித்தால், அதிகாரம் வந்த அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

விடுவேனா நான்? மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அடாவடி பண்ணவில்லை, நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

“அண்ணே, நீங்கதான் மேனேஜராயிட்டீகளே, அப்புறம் எதுக்கு வந்திருக்கீக?”

“மேனேஜர்னா வரணும்யா.”

“யாரு வந்தா? நானும் இம்புட்டு வருசமா நிக்கிறேன், ஒருத்தரும் வந்ததில்லையே!”

அவரைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனேன். சாப்பாட்டு நேரம். அத்தனை பேரும் பாறைக்கு அடியில். நான் மேனேஜராகச் சொல்கிறேன், எழுந்திருங்கள், இந்தப் பக்கம் இனி வேலை கிடையாது என்றேன். போர்மேனாக இருந்தபோதாவது கிண்டல் பண்ணிக்கொண்டே பாதிப் பேர் நகர்ந்து உட்காருவார்கள். இப்போது ஒருத்தர்கூட அசையவில்லை. அந்த அக்கா மட்டும், “சாருக்கு ஒரு வாய் மோர் குடுங்கப்பா, வெயில்ல வந்திருக்காக” என்றாள். புதுப் போர்மேனான முதலாளியின் மச்சான் என் தோளில் கை போட்டு, “மாப்ள, மொதலாளி சொன்னா நிப்பாட்டிருவோம். நீங்க கெளம்புங்க” என்று கேட்டு வரைக்கும் கூட்டி வந்துவிட்டார்.

சுரங்கத் துறை மேலிடத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. யார் மேல் புகார்? குவாரியில் தப்பு நடந்தால் சட்டம் முதலில் பிடிப்பது மேனேஜரை. மேனேஜர் யார்? நான். மனைவியிடம் சொன்னேன். “அப்ப உங்களப் பத்தி நீங்களே கோள் சொல்லப் போறீங்களா?” என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அனுப்பினேன். அதிகாரிகள் வந்தார்கள். பாறையைப் பார்த்ததும் ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்றைக்கே அந்தப் பக்கத்து வேலையை நிறுத்தி முள்வேலி போட வைத்தார்கள். கண் குளிர அந்த வேலியைப் பார்த்தேன். ஒரு பொழுதுக்காவது நான் படித்த படிப்பு நிஜமாக நின்றது. அப்புறம் விசாரணை. தெரிந்தும் ஏன் தினமும் மேற்பார்வை செய்யவில்லை என்று என்னைக் கேட்டார்கள். உள்ளே விடவில்லை என்றேன். அப்படியானால் ஏன் பதவியை ஏற்றாய் என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை, அதுதான் கொடுமை. என் சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள். முதலாளி என் பெயரை அழித்துவிட்டு வேறொருவர் பெயரை எழுதினார். மேற்குப் பக்கத்து ஆட்களை நாளைக்கு வா, நாளன்றைக்கு வா என்று இழுத்தடித்து, கடைசியில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்.

பிறகு ஒரு சிமெண்டுக் கடையில் கணக்கு எழுதினேன். ஒருநாள் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்த அக்கா எதிரே வந்தாள். பார்த்ததுமே பிடித்துக்கொண்டாள்.

“எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டீகளே, நல்லா இருக்கீகளா? அந்தப் பாறை அப்படியேதான் நிக்கிது. ஒரு சல்லி உதிரல! வேலிய எல்லாம் எடுத்துட்டு, புது ஆளுகளை எறக்கிட்டாக. எங்களத்தான் சேத்துக்கல.”

திட்டித் தீர்த்தபின் அவள் குரல் இறங்கியது. “இப்ப என் மகதான் போறா. வயசுப் புள்ளன்னு எடுத்துக்கிட்டாக” என்றாள்.

“எங்க உக்காந்து சாப்பிடுறா?”

“வேற எங்க? அந்த நெழல விட்டா ஏது?” பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்தாள். “நீங்க கத்துனதெல்லாம் அவகிட்டச் சொன்னேன் சாரு. கேக்க மாட்டேங்கிறா. உனக்கு ஒண்ணும் ஆகலையேங்கிறா. நெசமாச் சொல்லுங்க, அது விழுகுமா?”

“விழும்.”

“எப்ப?”

அம்புட்டுப் புத்தகம் படித்தேன், ரெண்டு தடவை ரயிலேறிப் போனேன். தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

“பாஸ் பண்ணவுக உங்களுக்கே தெரியலைன்னா நான் அவளுக்கு என்னத்தச் சொல்ல?” என்றாள். அதற்குள் மேலூர் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பஸ் நகரும்வரை என்னிடமிருந்து ஒரு பதில் வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.