சௌந்தரவல்லி அளந்த குழாய்

காரைக்காலில் என்னைத் தெரியாதவர்கள் இருக்கலாம். என் கையால் இறங்கிய குழாயில் தண்ணீர் குடிக்காதவர்கள் குறைவு. மதார் சாகிப் வீடு எது என்று கேட்டால், "போர் போடுற பாயா?" என்று வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். வாப்பா மௌத்தாகி வீட்டில் சம்பாதிக்க ஆளில்லாமல் போன வருஷம், கையாலேயே துளைத்துக் கைபோர் போடும் ஆட்களோடு சேறு அள்ளப் போனேன். இன்றைக்குத் தருமபுரத்தில் மெயின் ரோட்டு மேலேயே சொந்த இடம், போர் துளைக்க ரெண்டு ரிக் வண்டி, குழாய்க் கிடங்கு. ஒருத்தனும் தூக்கிவிடவில்லை. அல்லாஹ் கொடுத்தான், இந்தக் கை வாங்கிக்கொண்டது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சௌந்தரவல்லியைப் பற்றி. தண்ணீர் விஷயத்தில் என்னைத் திகைக்க வைத்த ஆள் நாற்பத்தி நாலு வருஷத் தொழிலில் அவள் ஒருத்திதான்.

என் கிடங்கு ஓரத்தில் நிலத்தடி நீர் ஆபீசின் இரும்புக் குழாய் ஒன்று நிற்கிறது. இறக்கினது நான்தான். அதற்கு மோட்டார் கிடையாது. அதில் தண்ணீர் எடுக்க மாட்டார்கள். மண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று மாசா மாசம் பார்ப்பதற்கு மட்டும். அளவுக் குழாய் என்போம். கடல் பக்கத்து ஊர் இது. நல்ல தண்ணீர் இறங்கினால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். எங்கே புது போருக்கு அனுமதி கொடுக்கலாம், எங்கே கூடாது என்று ஆபீஸ் முடிவு பண்ணுவதே இந்த அளவை வைத்துத்தான். கருக்களாச்சேரியிலிருந்து அம்பகரத்தூர் வரைக்கும் இப்படி முப்பத்தாறு குழாய். முப்பத்தாறையும் அளப்பது சௌந்தரவல்லி.

அம்பகரத்தூர்க்காரி. ஐம்பது வயசு இருக்கும். புருஷனுக்கு முதுகு போய் வயல் வேலை நின்றதும் இந்த வேலைக்கு வந்தவள். பதினேழு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரம் ஆக்கும் பைல் மேலே போயிருக்கிறது என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார்கள். பஸ்ஸில் வந்து இறங்குவாள். தோள்பையில் எஃகு நாடா, சாக்பீஸ், நோட்டு, ஒரு பாட்டில் மோர். நாடாவின் நுனியில் ஒரு மீட்டருக்குச் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விடுவாள். குழாய் விளிம்பில் ஒரு எண்ணைப் பிடித்து நிறுத்துவாள். மேலே இழுத்து, சாக்பீஸ் எவ்வளவு நனைந்ததோ அதைக் கழிப்பாள். மிஞ்சுவது விளிம்பிலிருந்து தண்ணீர்வரை உள்ள ஆழம். மூன்று தடவை செய்வாள். மூன்றும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும்.

"ஒரு தடவை பாத்தா பத்தாதா? தண்ணி எங்கே ஓடிடப் போவுது?" என்பேன்.

"தண்ணி ஓடாது பாய். கண்ணு ஏமாத்தும்" என்பாள்.

"நான் குழாயைத் தட்டிப் பாத்தே சொல்லிடுவேன் ஆழத்தை."

"சொல்லுவீங்க. உங்க தட்டுக்கு எங்க நோட்டுல கட்டம் கிடையாது."

இப்படித்தான் எங்களுக்குள் பேச்சு.

போன வருஷம் மே மாசம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மூன்று மாசம் வரவில்லை. மாற்று ஆள் போடவில்லை. ஆகஸ்டில் திரும்பி வந்தாள், இளைத்துப்போய். என் மனைவி ஹஃப்ஸா டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு அளக்கப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் குழாய்ப் பக்கத்திலேயே குந்தியிருக்கிறாள்.

"என்னாம்மா, வயித்த வலியா?"

"இல்ல பாய். போன வருஷ ஆகஸ்டு மூணு மீட்டர் தொண்ணூத்தி ரெண்டு. இன்னைக்கு நாலு எழுபத்தேழு. எண்பத்தஞ்சு சென்டிமீட்டர் இறங்கியிருக்கு."

"எண்பத்தஞ்சா? ஆத்துல தண்ணி வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஏறத்தானே செய்யணும்?"

"அதான் எனக்கும் விளங்கல."

அஞ்சு தடவை அளந்தாள். அதே எண். மறுபடி வந்தபோது புது சாக்பீஸ். செப்டம்பரில் வேறு நாடா. அதற்கடுத்து கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். மற்ற முப்பத்தைந்து குழாயும் வழக்கம்போல ஏறுகிறது, இறங்குகிறது. இது ஒன்று மட்டும் போன வருஷத்தைவிட எண்பத்தைந்து கீழேயே நிற்கிறது.

எனக்கும் தூக்கம் கெட்டது. என் இடத்துத் தண்ணீர் எனக்குத் தெரியாமல் எங்கே போகும்? என் வீட்டு போரில் கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்தேன். அதன் வாயிலிருந்து தண்ணீர்வரை எத்தனை அடி என்பது எனக்கு மனப்பாடம். அதிலும் அதே மாதிரி இறங்கியிருந்தது! ஆனால் மோட்டார் எப்போதும்போல இழுக்கிறது, தொட்டி எப்போதும்போல நிறைகிறது. தண்ணீர் இருக்கிறது, ஆனால் இல்லை. மண்டை காய்ந்துவிட்டது.

அக்டோபரில் அவளுக்கு மெமோ வந்தது. புதிதாக வந்த அதிகாரி சண்முகசுந்தரம் கொடுத்தது. சுற்றிலும் இறங்காத தண்ணீர் இந்த இடத்தில் மட்டும் இறங்குவானேன்? நேரில் போகாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதிய அளவா? மாசக் கடைசிக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும். இல்லையென்றால் ஒண்ணாம் தேதியிலிருந்து வேலைக்கு வர வேண்டாம். நிரந்தர பைலும் அதோடு சரி.

மெமோவை என்னிடம் காட்டினாள்.

"நான் வந்து பேசுறேன். ஆபீசுல என்னைத் தெரியாத ஆளா?" என்று சட்டையை மாட்டினேன்.

அவளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் நான் காரியத்தைக் கெடுத்ததுதான் மிச்சம். சண்முகசுந்தரம் சின்ன வயசு. உட்காரச் சொன்னார், மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், இந்தப் பொம்பளை பொய் எழுத மாட்டா. தண்ணி இறங்கினது நிஜம். என் போர்லயும் இறங்கியிருக்கு, நானே கல்லு கட்டிப் பாத்தேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படியா பெரியவரே? அப்ப உங்க மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுது?"

"அது எதுக்கு சார்?"

"அக்கம்பக்கத்துல யாருக்கும் இறங்கல. உங்க இடத்துல மட்டும் ரெண்டு குழாயும் இறங்குதுன்னா யாரோ ராவும் பகலும் உறிஞ்சணும். அதை மறைக்க இந்தம்மா மூணு மாசம் அளவை எழுதாம விட்டாங்களோ என்னமோ."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். சௌந்தரவல்லி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பஸ் வந்ததும், "நீங்க வராமலே இருந்திருக்கலாம் பாய்" என்றாள். என் ஆயுசில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ரெண்டு நாள் கழித்து நல்ல மழை. காலையில் பின்பக்கத்துச் சுவரிலிருந்து சத்தம். பக்கத்து வீட்டு தேவிகா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், வாய்க்கு அணை கிடையாது.

"பாய்! வெளியே வாங்க! என் அடுப்படியில மீன் புடிக்கலாம், வந்து பாருங்க!"

"மழைன்னா தண்ணி வரும். அதுக்கு நான் என்னா பண்றது?"

"ரெண்டரை அடி மண்ணடிச்சு நீங்க உசந்துட்டீங்க. உங்க தண்ணி பூரா எங்க வீட்டுலதான் வந்து விழுது."

"ரோட்டை ஏத்தினாங்க, நான் இடத்தை ஏத்தினேன். நீயும் ஏத்திக்க. நான் யாரைக் கேட்டு ஏத்தணும்?"

"நல்லா ஏறினீங்க. இதுல எங்க ஏரியாவுல தண்ணி கீழே போயிடுச்சுன்னு ஆபீசுல போய்ப் பத்த வச்சிட்டு வேற வந்திருக்கீங்களாம். நாளைக்கு எனக்கு ஒரு போர் போட அனுமதி கொடுப்பானா? எங்க போச்சு தண்ணி? வந்து என் கிணத்தைப் பாருங்க!"

கோபத்தில் இறங்கிப் போனேன். என் இடத்திலிருந்து அவள் கொல்லைக்கு இறங்க நாலு படி. பழைய உறைக் கிணறு அவளுடையது. எட்டிப் பார்த்தேன். அஞ்சாவது உறையில் ஒரு விரிசல் உண்டு, அதைப் பூசிக் கொடுத்ததே நான்தான். போன ஐப்பசியில் தண்ணீர் அந்த விரிசலைத் தொட்டு நின்றது. இப்போதும் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் கீழே இருக்கலாம். ஆனால் எண்பத்தைந்து எங்கே?

"பாத்தீங்களா? மேலே ஏறி நின்னுக்கிட்டுக் குனிஞ்சா எல்லாம் ஆழமாத்தான் தெரியும்" என்றாள் தேவிகா.

திரும்பினேன். என் சுவருக்கு மேலே அந்த அளவுக் குழாயின் தலை தெரிந்தது. முன்னே அவள் கொல்லையில் நின்றால் அது தெரியாது.

மே மாசம் ரோட்டை உசத்திப் போட்டார்கள். என் இடம் பள்ளமாகிவிட்டது. இந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான், லாரி லாரியாக மணல் அடித்து ரோட்டு மட்டத்துக்கு நிரப்பினேன். என் போர் குழாயை ஒட்டுப் போட்டு ஏற்றினேன். ஆபீஸ் குழாய் மண்ணுக்குள் புதையக் கூடாதே என்று அதையும் ரெண்டரை அடி வெல்டு வைத்து ஏற்றினேன். பழைய சிமெண்டு மேடை புதைந்துபோனது. புதிதாக அதைவிட நல்ல மேடை கட்டி, பெயிண்டரை வைத்து நம்பர் எழுதினேன். ஆபீஸ்காரன் எழுதினதைவிட அழகாக இருந்தது. அரசாங்க வேலையைக் கைக்காசில் செய்தோம் என்று பெருமைதான். சௌந்தரவல்லி அப்போது ஆபரேஷனுக்குப் போயிருந்தாள். அவள் வந்தபோது ரோடும் மேலே, இடமும் மேலே, குழாயும் முன்பு மாதிரியே தரைக்கு மேல் முழங்கால் உயரம். மேடையைப் புதுசாகப் பூசியிருக்கிறோம் என்று நினைத்திருப்பாள், வேறு என்ன கண்டாள்?

நான் கண்டிருக்க வேண்டும். ஏற்றினவன் நான். ஆனால் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஆழம் என்றால் எனக்குத் தரையிலிருந்துதான். அந்தத் தரையே மேலே போகும் என்று எவன் நினைப்பான்? தண்ணீர் இருந்த இடத்தில் இருந்திருக்கிறது. நாங்கள்தான் மேலே போய்விட்டு அதைத் தேடியிருக்கிறோம்.

அன்று மத்தியானம்வரை யாரிடமும் சொல்லவில்லை. காரைக்காலில் போர் போடுகிற மதார் சாகிப், குழாய் அளவில் தப்பு பண்ணினான் என்று டீக்கடையில் பேசுவார்கள். சொல்லாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

ஹஃப்ஸா கேட்டாள்: "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணாம் தேதி வேலை போயிடும்னு தெரியும்ல உங்களுக்கு?"

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு சௌந்தரவல்லிக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலை சௌந்தரவல்லி வந்தாள், கூடவே சண்முகசுந்தரத்தையும் ஜீப்பில் அழைத்துக்கொண்டு. மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை, நானே வெட்டினேன். நான் கட்டின அழகான மேடையை நானே உடைத்தேன். ரெண்டரை அடியில் பழைய மேடை, துருப்பிடித்த வெல்டு, ஆபீஸ்காரன் கோணலாக எழுதிய நம்பர்.

சௌந்தரவல்லி குழிக்குள் இறங்கி, பழைய விளிம்பிலிருந்து புது விளிம்புவரை நாடாவைப் பிடித்தாள். மூன்று தடவை.

"எழுபத்தாறு" என்றாள்.

"நான்தான் சார். நான்தான் ஏத்தினது. இந்தம்மாவுக்குத் தெரியாது" என்றேன்.

"ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா பெரியவரே?"

"நல்லதுதானே பண்றோம்னு நினைச்சேன் சார்."

"அதை எழுதிக் கொடுங்க."

எழுதினேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்தில் அரைப் பக்கம் எழுத அரை மணி நேரம் ஆனது. அவர் படித்துப் பார்த்து, மெமோவின் மேலேயே 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை வாங்கி மடித்து நோட்டுக்குள் வைத்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மூணு மாசமா என் கண்ணை நானே நம்பல பாய். ஆபரேஷன்ல மயக்க மருந்து கொடுத்தது மூளைக்கு ஏறிடுச்சோன்னு ராத்திரியில எண்ணிப் பாப்பேன், ஒண்ணு, ரெண்டுன்னு."

சொல்லிவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"சார், எண்பத்தஞ்சுல எழுபத்தாறு போனா ஒன்பது நிக்குது."

"ஆமா. ஒன்பது சென்டிமீட்டர் நிஜமாவே இறங்கியிருக்கு." அவர் என் மோட்டார் ஷெட்டைப் பார்த்தார். அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கல்யாண மண்டபத்தைப் பார்த்தார். "எதனாலன்னு இப்ப சொல்ல முடியாது."

"அப்ப அதை நீங்களே உங்க கையால எழுதிடுங்க சார். நாளைக்கு வேற அதிகாரி வந்து அதுக்கு ஒரு மெமோ கொடுத்தா நான் எந்தக் குழியைத் தோண்டுவேன்?"

அவர் நோட்டை வாங்கி, 'ஒன்பது செ.மீ. காரணம் தெரியவில்லை' என்று எழுதித் தேதி போட்டார். அவள் மை காயும்வரை ஊதிவிட்டுப் பைக்குள் வைத்தாள். அடுத்த குழாய் கருக்களாச்சேரியில். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

நிரந்தர பைல் இன்னும் மேலேதான் இருக்கிறதாம். வேலை இருக்கிறது. மாசா மாசம் வருகிறாள். நோட்டில் ரெண்டு கட்டம் போட்டிருக்கிறாள், பழைய விளிம்புக்கு ஒன்று, புதுசுக்கு ஒன்று.

அந்த ஒன்பதுதான் எனக்கு விளங்கவில்லை. என் மோட்டாரா, மண்டபத்து மோட்டாரா, மழையா, உப்பா? எத்தனையோ ஆயிரம் அடி மண்ணைத் துளைத்தவன், ஒன்பது சென்டிமீட்டருக்குப் பதில் தெரியாமல் முழிக்கிறேன். குழி வெட்டின அன்று சாயங்காலம் மோட்டார் சுவிட்சைப் போடப் போனவன், விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். "தொட்டி காலி, என்ன பண்றீங்க அங்க?" என்று ஹஃப்ஸா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். போட்டுவிட்டேன்.