வாழைத்தண்டு மிதந்த குளம்

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் எங்களுக்கென்று இருப்பது எட்டடி நிலம். எங்களுக்கென்று என்று எழுதும்போதே கை கூசுகிறது. நிலம் தோட்டத்துடையது. அதில் துணி காயப்போடலாம், கோழி வளர்க்கலாம், கிளறிக் கீரை போடலாம். சீமெந்து மட்டும் கூடாது. சீமெந்து இறுகும், இறுகினால் கட்டடம், கட்டடம் எழுப்பியவன் நாளைக்கு உரிமை கேட்பான். இதை யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லவில்லை. லயத்தில் பிறந்தவனுக்குப் பல் முளைப்பதோடு இதுவும் முளைத்துவிடும்.

மீன் குளம் என் மனைவியின் ஆசை. இருபத்திரண்டு வருஷம் லிந்துலை மலைகளில் கொழுந்து எடுத்தவள், முழங்கால் போய் வீட்டோடு கிடந்தாள்.

"உக்காந்து பாக்க ஒண்ணு வேணுங்க. தேயிலையத் தவிர வேற ஏதாச்சும்."

எனக்கோ ஓரிடத்தில் பத்து நிமிஷம் கால் தரிக்காது. அவளாவது உட்காரட்டும் என்று குழி வெட்டினேன். குளிரில் மீன் அடியில் போய் ஒதுங்க இடுப்பளவு ஆழம். வெயில் விழும் பக்கம் சரிவு. தண்ணீர் மண்ணில் இறங்காமல் பிளாஸ்டிக் படங்கு விரித்து ஊற்றினோம். எலி கடித்தது. காலையில் சேறுதான் மிச்சம். மறுபடி படங்கு, மறுபடி எலி. வலப்பனையிலிருந்து கொண்டுவந்த கெண்டைக் குஞ்சுகள் பன்னிரண்டும் நீலப் பீப்பாயில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தன.

"பூசிருவோம்," என்றாள். "பூசிட்டு மேல செம்மண்ண அப்பிட்டா எவனுக்குத் தெரியப்போகுது?"

கோழித்தீவனம் என்று சொல்லிச் சீமெந்து மூட்டையைக் கொண்டுவந்தேன். பூசினேன். காய்ந்ததும் அவள் முழங்காலை நீட்டி உட்கார்ந்து, விளிம்பு முழுக்கச் செம்மண்ணால் மெழுகினாள். அங்கங்கே கல்லும் பாசியும் ஒட்டினாள். எனக்கே அது மண் குளமாகத்தான் தெரிந்தது.

புதுச் சீமெந்துத் தண்ணீரில் மீன் பிழைக்காது. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, காரம் இறங்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் குளிரில் வாழைக்கு எங்கே போவது? கீழே வட்டவளையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மரத்தைக் கேட்டு வாங்கி, அப்படியே பஸ்ஸில் ஏற்றினேன்.

"என்ன அண்ணே, வாசல்ல கட்டவா? பொண்ணுக்குக் கல்யாணமா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"மீனுக்குங்க," என்றேன். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

மூன்று தரம் தண்ணீர் மாற்றினோம். நான்காம் தரம் தண்டு மிதந்துகொண்டிருந்தபோது கண்டாக்கு வந்தார். மலை வேலைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர். எங்கள் ஆள்தான், எங்கள் பேச்சுதான். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அவள் மெழுகிய விளிம்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

"மண் குழிக்கு எதுக்குங்க வாழத்தண்டு?"

மண்ணைப் பூசி எல்லாவற்றையும் மறைத்த நாங்கள், தண்டை மறைக்க மறந்துவிட்டோம்.

"தொர பங்களாவுல மீன் தொட்டி கட்டுனப்ப சீமெந்து சுமந்தது இந்தத் தலைதாங்க ஐயா," என்றாள் அவள்.

"அது பங்களா அக்கா. ஒடைச்சிருங்க. நான் மேல எழுதிப் போடல."

உபகாரமாகத்தான் சொன்னார். உபகாரமும்தான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். போகும்போது பீப்பாயை எட்டிப் பார்த்தார்.

"இதுல கெடந்தா செத்துரும். பங்களா தொட்டியில விட்டுரலாமே?"

"மீனுக்கு எடம் குடுக்குறாங்களாமுங்க," என்றாள் என்னிடம், அவர் காதில் விழவே.

அலவாங்குக் கடப்பாரையால் நானே உடைத்தேன். நல்ல பூச்சு, லேசில் விடவில்லை. பின்வாசலில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து பார்க்க அவளுக்கு நான் கொடுத்தது அதைத்தான். பிறகு குஞ்சுகளை வாளியில் தூக்கிப்போனேன். பங்களாத் தோட்டக்காரர் வாளியை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, வெறும் வாளியைக் கேற்றுக்கு மேலால் நீட்டினார்.

மழை பெய்தால் குழியில் அரை நாள் தண்ணீர் நிற்கும். அந்த அரை நாள் அவள் பின்பக்கம் போவதில்லை. போன வாரம், கரையை உள்ளே தள்ளி மூடச் சொன்னாள்.

"லீக்ஸ் நாத்து நடுவோங்க. புடுங்கச் சொன்னா கையாலயே புடுங்கிறலாம்."