வெயிலில் இறுகும் கதவு

ஜீவனஹள்ளியில் இராஜமாணிக்கம் செய்த இரும்புக் கதவென்றால் தனி மதிப்பு. சொந்த வீட்டுக் கதவுக்குக் கேட்கவா வேண்டும்? மார்கழி விடியலில், பல் கிடுகிடுக்கும் குளிரில் அளவெடுத்து, சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நூல்கூட நுழையாதபடி மாட்டினான். "எறும்பு வரட்டும், பாக்கலாம்" என்று மீசையை முறுக்கினான். குளிரில் சுருங்கியிருக்கும் இரும்பு கோடையில் விரியும், அதற்கு இடம் விட வேண்டும் என்பது ஒரு வெல்டருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஊரார் கதவுக்கெல்லாம் விட்டவன்தான். தன் கதவில் மட்டும் வீம்பு பிடித்தான்.

மேற்குப் பார்த்த வாசல். பங்குனி பிறந்ததும் வம்பும் பிறந்தது. உச்சி சாய்ந்து வெயில் தகட்டில் விழுந்தால் போதும், கதவு உப்பிச் சட்டத்தில் சிக்கிக்கொள்ளும். உள்ளே அவன் மனைவி சீதாலட்சுமி, தலைக்கு மேல் கொதிக்கும் தகரக் கூரையோடு வெந்துகொண்டிருப்பாள்.

"ஓரத்துல கொஞ்சம் கிரைண்டர் போட்டுத் தேச்சுக் குடுங்களேன். மத்தியானமெல்லாம் உள்ளயே மாட்டிக்கிறேன்."

"நான் செஞ்ச கதவுல குறை சொல்றியா? உனக்கு எந்த ஆபீஸ்ல மீட்டிங்கு? சாயங்காலம் ஆனா தானா தொறந்துக்கும், போடி."

போகப்போக அதில் அவன் ஒரு சுகமும் கண்டுவிட்டான். பூட்டு வாங்காமலே பெண்டாட்டி பூட்டிக் கிடக்கிறாள் என்று பட்டறையில் சொல்லிச் சிரித்தான். மதியம் சாப்பிட்டுக் கிளம்பும்போது ஓங்கி இழுத்துச் சாத்துவான். அவள் திறந்து வைத்திருந்தது தெரிந்தால், தெருவில் எவனைப் பார்க்க என்று கேட்டு அடிப்பான்.

சித்திரையில் ஒரு மதியம், மர்பி டவுனிலிருந்து தம்பி சுனில் போன் செய்தான். "அக்கா, அம்மா இழுத்துக்கினு கெடக்குது. உன்னத்தான் கேக்குது. ஆட்டோ புடிச்சு உடனே வா."

அவள் தோளால் இடித்தாள். சுத்தியலால் அடித்தாள். புருஷனுக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள்.

"கெழவி இன்னிக்கேவா போயிடப் போவுது? சாயங்காலம் ஆனா தானா தொறந்துக்கும்."

மறுபடி போன் வந்தபோது சுனில் அழுதான். ஆத்திரத்தில் சீதாலட்சுமி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கதவில் வீசினாள். சுட்ட தகடு சுர்ரென்றது. 'டக்'கென்று ஒரு சத்தம், கதவு இளகிவிட்டது. சற்று முன்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் அம்மாவை உயிரோடு பார்த்திருக்கலாம். அதைப் புரிந்துகொண்டவளுக்கு அழக்கூட வரவில்லை. இந்த விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமா சொல்வாள்?

காரியம் முடிந்த மறுவாரம் ஒரு மதியம், நெஞ்செரிச்சல் என்று இராஜமாணிக்கம் பட்டறையிலிருந்து பாதியில் வந்தான். போனை அங்கேயே சார்ஜில் மறந்துவிட்டான். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். தெருமுனைக் குழாயில் காத்திருந்து தண்ணீர் பிடித்த சீதாலட்சுமி, இடுப்பில் நிறைகுடத்தோடு திரும்பியபோது கதவு உள்ளிருந்து தடதடத்தது.

"சீத்தா... நெஞ்சு அடைக்குது... மூச்சு வரல. பட்டறைல சொல்லி கிரைண்டர் எடுத்தாரச் சொல்லு. கதவ அறுத்துடட்டும்."

தன் கதவையே அறுக்கச் சொல்கிற அளவுக்கு வலி! சந்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். குடத்துத் தண்ணீர் தளும்பி இடுப்பில் சில்லென்று வழிந்தது. அதைக் கதவில் கவிழ்த்தால் போதும். ஆட்டோ ஸ்டாண்டு கூப்பிடு தூரம்தான்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு எதிர்ச்சுவர் நிழலில் உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் ஆனா தானா தொறந்துக்கும்" என்றாள்.

கொஞ்ச நேரம் தட்டினான். பிறகு நகத்தால் பிறாண்டினான். பிறகு அதுவும் இல்லை. அவள் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள், முகம் கழுவினாள். வெயில் இறங்கித் தகடு ஆறியது. விளக்கு வைக்கிற நேரத்தில், அவன் சொன்னபடியே, கதவு தானாகத் திறந்துகொண்டது.